பத்தியம் என்கிற மாப்பிள்ளை

காரம் தின்னத் தெரியாத மனுஷனுக்குக் கடவுள் எதற்கு வாயைக் கொடுத்தார் என்பது மாஸ்டரின் நெடுநாள் சந்தேகம். பேசுவதற்கா? அப்படிப்பட்டவன் பேசி என்ன ஆகப்போகிறது. கொட்டாவி விடுவதற்கா? அதற்கு இவ்வளவு பெரிய ஓட்டை தேவையில்லை. உலகத்தில் பாதிப் பேரைப் பற்றி அவருக்கு இந்தச் சந்தேகம் உண்டு. தன் ஒரே மாப்பிள்ளையைப் பற்றி மட்டும் சந்தேகமே கிடையாது, தீர்மானம்.

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூட மாஸ்டர் இல்லை, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, கிளட்ச் எது என்று தெரியாத கூட்டத்தைத் திட்டியே பிழைத்தவர். அந்த வேலையில் ஒரு சுகம் இருக்கிறது. தன்னைத் தவிர எல்லோரும் முட்டாள்கள் என்பதற்கு நாள் முழுக்கச் சாட்சி வந்து குவியும். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் அவர் அந்த இருக்கையை விட்டு இறங்கியதில்லை. வீட்டில், தெருவில், கல்யாண வீட்டில், பக்கத்தில் யார் வந்து நின்றாலும் அவருக்கு எல் போர்டுதான்.

அவர் வீட்டுத் தெரு முனையில் தள்ளுவண்டிக் கடைகள் வரிசையாக நிற்கும். மத்தியானம் அலுவலகக் கூட்டம், சாயங்காலம் குடும்பக் கூட்டம். அங்கே மாஸ்டர் ராஜா. கறியைக் கம்பியில் குத்திக் கரியில் சுடுகிற தாடிக்காரன் அவருக்கென்று தனியாக ஒரு டப்பா வைத்திருந்தான். அதன் பெயரே மாஸ்டர் டப்பா. மூடியைத் திறந்தாலே அடுத்த வண்டிக்காரன் தும்முவான். அந்தப் பொடியை மாஸ்டர் கறியின் மேல் விபூதி மாதிரி பூசித் தின்பார். தின்றுவிட்டு, "சின்னப் பிள்ள திங்கிற பண்டம் மாதிரி இருக்குடா" என்பார். சுற்றி நிற்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஊரில் வேலை வெட்டி இல்லாதவர்களுக்கா பஞ்சம்.

இதில் ஒரு சடங்கும் உண்டு. மாஸ்டர் யாராவது புது ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தால் அவனுக்கு டெஸ்ட். லைசென்ஸ் வாங்கிய சந்தோஷத்தில் விருந்து வைக்க வந்தவனாக இருக்கலாம், தூரத்து உறவாக இருக்கலாம். மாஸ்டர் கடைக்காரனிடம் குழைந்து குழைந்து, "தம்பிக்குப் பழக்கம் இல்லப்பா, பாத்துப் போடு, காரமே வேணாம்" என்று சொல்வார். கடைக்காரன் பயபக்தியாகத் தலையாட்டிவிட்டு, இரண்டு கரண்டி கூடப் போடுவான். கண்ணடிப்பது, சைகை காட்டுவது எதுவும் தேவையில்லை. மாஸ்டர் பக்கத்தில் புது முகம் நின்றால் போதும், அத்தனை வண்டிகளுக்கும் கை தானாகப் போகும். அழாமல் தின்றால் பாஸ். அழுதால் அவனைப் பற்றி ஒரு மாசத்துக்குச் சிரிக்கலாம்.

மாப்பிள்ளை முதன்முதலாக வீட்டுக்கு வந்த அன்று அவனுக்கும் டெஸ்ட் நடந்தது. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற பையன். பவர் பார்த்து லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. குரலும் அப்படித்தான், எதையும் கீறிவிடக் கூடாது என்பது போலப் பேசுவான். வருங்கால மாமனார் கொடுக்கிறாரே, வேண்டாம் என்றால் மரியாதையாக இருக்காதே என்று கம்பியில் இருந்ததை முழுசாகத் தின்றான். அழவில்லை. அன்று ராத்திரியே ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து க்ளூக்கோஸ் ஏற்றினார்கள். அழாததால் பாஸ் போடுவதா, படுத்ததால் ஃபெயில் போடுவதா என்று தெரு குழம்பியது. மாஸ்டர் குழம்பவில்லை. "பத்தியம்" என்று பெயர் வைத்தார். மகள் அதே பத்தியத்தைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்று கட்டிக்கொண்டாள். அப்பாவை அவள் மன்னித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது அந்த மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது, பெண் குழந்தை. பிறந்ததும் உடம்பு சூடு பத்தவில்லை என்று கண்ணாடி அறையில் வைத்துவிட்டதால் மாஸ்டர் தூரத்திலிருந்து ஒரு துணி மூட்டையைத்தான் பார்த்திருந்தார். மனைவி மகளுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டில் மாமனாரும் மாப்பிள்ளையும் மட்டும். இரண்டு ஆண்பிள்ளைகளை அடுப்படியோடு தனியாக விட்டால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது, அடுப்பு எரியவில்லை. மாப்பிள்ளை பன்னையும் வாழைப்பழத்தையும் வைத்துப் பொழுதை ஓட்டினான். "நான் ரெண்டு முட்டை அவிச்சுக்கிறேன் மாமா" என்று ஒரு தடவை கேட்டும் பார்த்தான். "என் வீட்டுல மாப்பிள்ளை அடுப்படில நிக்கிறதா? ஊரு என்ன சொல்லும்" என்று மாஸ்டர் தடுத்துவிட்டார். அவருக்கும் அவிக்கத் தெரியாது என்பதை ஊர் எதுவும் சொல்லவில்லை.

மத்தியானம் மகள் போன் செய்தாள்.

"அப்பா, அவரு பன்னுதான் தின்னுட்டு இருக்காராமே."

"நான் என்னம்மா பண்றது. தெருவுல கெடைக்கிறது எதையும் தொட மாட்டேங்கிறாரு."

"ஏன் தொட மாட்டேங்கிறாருன்னு உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் பாப்பாவ எங்கிட்ட குடுத்துருவாங்க. நாளைக்கு வீட்டுக்குப் போலாம்னு சொல்லிட்டாங்க. நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. இன்னிக்கு அவருக்குக் காரம் இல்லாம சூடா ஒரு வேள சாப்பாடு நீங்க வாங்கிக் குடுக்கணும். வயிறு நெறைய. அது உங்களால முடிஞ்சா நாளைக்கு நேரா உங்க வீட்டுக்கு வர்றேன். முடியலன்னா எங்க மாமியார் வீட்டுக்குப் போயிடுவேன். பாப்பா அங்கயே வளரட்டும்."

"இது என்னம்மா, சின்னப் பிள்ள மாதிரி."

"ஒரு பெரிய மனுஷனோட வயித்தப் பாத்துக்கத் தெரியாதவரு, பாப்பாவ எப்படிப் பாத்துக்குவீங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். சொன்னதைச் செய்கிறவள். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று மாஸ்டர் வெளியில் தேட வேண்டியதில்லை.

பேத்தி கைவிட்டுப் போய்விடுவாளோ என்று மாஸ்டருக்கு ஒரு பயம் தட்டியது. அதை அவர் கோபம் என்று எடுத்துக்கொண்டார். வெறும் சாதாரணச் சாப்பாடு, ஒரு வேளை. இத்தனை கடை இருக்கிற தெருவில் நாக்கே இல்லாத ஒருவனுக்கு ஏதாவது கிடைக்காமலா போகும். மாப்பிள்ளையைக் கிளப்பினார். "வாங்க மாப்பிள்ள, உங்களுக்கு ஏத்த மாதிரி வாங்கித் தர்றேன்." மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டான். தூக்குமேடைக்குப் போகிறவன் கூட இவ்வளவு அமைதியாகச் செருப்பு மாட்டமாட்டான்.

முதலில் தாடிக்காரன். அவன் தன் கூட்டாளி, ஒரு வார்த்தை சொன்னால் கேட்பான் என்று மாஸ்டர் நம்பினார்.

"தாடி, மாப்பிள்ளைக்கு. சுத்தமா காரம் கூடாது. உப்பு மட்டும் போட்டுச் சுடு."

"ஆகட்டும் மாஸ்டர்" என்றான் தாடிக்காரன், பயபக்தியாக.

அந்தப் பயபக்தி மாஸ்டருக்கே பிடிக்கவில்லை. "டேய், நெசமாத்தான் சொல்றேன். டெஸ்ட் இல்ல இது."

"தெரியும் மாஸ்டர். பாவம் தம்பிக்கு ஏற்கெனவே ஆகாது. உப்புதான் போடுறேன்." முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. வரிசையில் நின்ற நாலு பேர் முழங்கையால் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். பழைய ஆட்டக்காரர் புது வசனத்தோடு வந்திருக்கிறார் என்று அவர்களுக்கு ஆனந்தம்.

மாஸ்டர் கரி அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கே போட்டான், எப்போது போட்டான் என்று தெரியவில்லை. காலம் காலமாகப் பழக்கிய கை, பழக்கியவர் கண்ணுக்கே தப்பிவிட்டது. மாப்பிள்ளை ஒரு துண்டை வாயில் வைத்தான். மென்றான். காது சிவந்தது. அப்புறம் மூக்கு. வாய்க்குள் இருந்ததைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்று, கடைசியில் விழுங்கினான். கம்பியை மெல்ல வண்டியின் மேல் வைத்தான்.

"எனக்கு அவ்வளவாப் பசியில்ல மாமா."

கூட்டம் சிரித்தது. மாஸ்டர் பாய்ந்து டப்பாவைப் பிடுங்கினார். மூடி கழன்று பொடி அவர் கையெல்லாம் கொட்டியது. "அறிவிருக்காடா உனக்கு? நான் என்ன சொன்னேன்? உப்பு மட்டும்னுதானே சொன்னேன்?"

"எப்பவும் அதத்தானே மாஸ்டர் சொல்லுவீங்க" என்றான் தாடிக்காரன். கோபம் கூட நடிப்பில் சேர்த்திதான் என்று நினைத்துப் பல்லை இளித்தான். "இன்னிக்கு ரொம்பத் தத்ரூபம்."

அந்தப் பல்லைப் பார்த்ததும் மாஸ்டருக்கு ஒன்று விளங்கியது. இந்த வரிசையில் இனி எந்த வண்டிக்குப் போனாலும் இதேதான். சூப்புக்காரன், முட்டைக்காரன், ரொட்டிக்காரன் எல்லோரும் அவர் கையால் பாடம் படித்தவர்கள். எல்லோருக்கும் கை பழகிவிட்டது. புலி வருது புலி வருது என்று சொன்னவன் கதைதான். என்ன வித்தியாசம் என்றால், இங்கே புலிக்குத் தீனி போட்டு வளர்த்ததும் அவனேதான்.

மிச்சம் இருந்தது ஒரு கடை, நூடுல்ஸ் விற்கிற அம்மாவின் வண்டி. கடை போட்ட முதல் வாரமே, மாஸ்டர் ஒருவனை டெஸ்டுக்குக் கூட்டிவந்தபோது, "தின்ன வர்றவன அழவச்சுப் பாக்கறதுக்கு நான் கடை போடல" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டவள். அன்றிலிருந்து மாஸ்டர் அந்த வண்டிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. சமைக்கத் தெரியாதவள் நீதி பேசுவாள் என்பது அவர் தீர்ப்பு. இன்று வேறு வழியில்லை. காரியம் ஆகணும் என்றால் கழுதைக் காலையும் பிடிக்கத்தானே வேண்டும்.

"ஒரு பிளேட். காரம் இல்லாம" என்றார், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"யாருக்கு?"

"மாப்பிள்ளைக்கு."

அவள் மாப்பிள்ளையின் காதைப் பார்த்தாள், மாஸ்டரின் கையைப் பார்த்தாள். "வாணலியக் கழுவிப் புதுசாப் பண்ணணும். அதுக்கு முன்னாடி நிக்கிறவங்களுக்குக் குடுத்துடுறேன். பொறுங்க."

பொறுப்பது மாஸ்டர் ஜாதகத்தில் இல்லை. மாப்பிள்ளை அவருக்குப் பின்னால் நின்று வாயைத் திறந்து காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தான். மணி ஆகிக்கொண்டிருந்தது. பலகையின் மேல் ஆவி பறக்க ஒரு தட்டு வந்து உட்கார்ந்ததும் மாஸ்டர் எடுத்துவிட்டார். இந்தத் தடவை ஏமாறப்போவதில்லை, தானே பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். மென்று பார்த்தார். ஒன்றுமே இல்லை. சுத்த வெறும் மாவு.

"சாப்பிடுங்க மாப்பிள்ள. நானே பாத்துட்டேன். கைக்குழந்தைக்கே ஊட்டலாம்."

மாமனார் தன் வாயால் சோதித்துக் கொடுக்கிறார். இதற்கு மேல் என்ன உத்தரவாதம் வேண்டும். மாப்பிள்ளை பசியோடு ஒரு பெரிய வாயாக எடுத்துக்கொண்டான். அடுத்த நிமிஷம் தட்டைப் பலகையில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வண்டியைப் பிடித்துக்கொண்டான். இருமல் வந்தது, இருமலுக்குள் விக்கல் வந்தது. கண்ணாடிக்குள் கண்ணே தெரியவில்லை, தண்ணீராக நின்றது.

"ஐயோ, அது அவரோடது" என்றாள் கடைக்காரம்மா, பக்கத்தில் காத்திருந்த சுமை தூக்குகிறவரைக் காட்டி. "டபுள் காரம் கேட்டாருன்னு போட்டது. உங்களுது இப்பத்தான் வாணலில இருக்கு. நீங்க ஒரு வாய் தின்னீங்களே. தெரியலையா?"

"இதுல காரமே இல்ல" என்றார் மாஸ்டர்.

அவள் வாணலியிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு கிண்ணத்தில் வைத்தாள். முதல் தட்டையும் அவர் பக்கம் நகர்த்தினாள். அவரை அவமானப்படுத்தும் எண்ணம் அவளுக்கு இருந்த மாதிரி தெரியவில்லை, டாக்டர் முழங்காலில் தட்டிப் பார்ப்பது போலத்தான் செய்தாள். மாஸ்டர் இதைத் தின்றார். அதைத் தின்றார். மறுபடியும் இதை.

"ரெண்டும் ஒண்ணுதானே" என்றார்.

சொன்ன பிறகுதான் சுற்றிலும் சத்தம் அடங்கியிருந்தது அவருக்கு உறைத்தது. சுமை தூக்குகிறவர் தட்டை எடுத்து ஒரு வாய் தின்று, உஸ்ஸென்று இழுத்து, மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். தாடிக்காரன் வண்டிப் பக்கத்திலிருந்து யாரோ, "மாஸ்டர் டெஸ்டுல ஃபெயிலுடா" என்றான். இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. அவர் பழக்கிக் கொடுத்த அதே சிரிப்புதான், திசை மட்டும் மாறியிருந்தது.

"எத்தன வருஷமா இப்படி?" என்றாள் கடைக்காரம்மா, தணிந்த குரலில்.

"என்ன எப்படி? ஒழுங்கா சமைக்கத் தெரியல, பேச்சு வேற" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். காரமே இல்லாத அந்தக் கிண்ணம், மகள் கேட்ட அதே சாப்பாடு, பலகையின் மேல் ஆவி பறக்க இருந்தது. அதை எடுக்கத் திரும்பிப் போனால் அந்த முகங்களைப் பார்க்க வேண்டும். பேத்தியை விட அந்த நாலு வெட்டிப்பயல்களின் முகம் அவருக்கு அந்த நேரத்தில் பெரிதாகப் போய்விட்டது. மனுஷன் லட்சணம் அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனார்கள். மாப்பிள்ளை விக்கிக்கொண்டே வந்தான். மாஸ்டருக்கு வேறு ஞாபகம் ஓடியது. வீட்டில் மனைவி முன்பெல்லாம் பரிமாறிவிட்டு, "எப்படி இருக்கு?" என்று கேட்பாள். எப்போதோ கேட்பதை நிறுத்திவிட்டாள். சமையலில் தேறிவிட்டாள், தைரியம் வந்துவிட்டது என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தார். காலையில் குடித்த டீயில் சர்க்கரை இருந்ததா? யோசித்துப் பார்த்தார். சூடாக இருந்தது, அது நிச்சயம். அதற்கு மேல் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஊர் நாக்கையெல்லாம் எடைபோட்ட தராசில் தட்டே இல்லை என்று தெரிந்தால் எப்படி இருக்கும். அவருக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் அவித்த உருளைக்கிழங்கு விற்கிற வண்டி நின்றது. அந்த ஆளையும் மாஸ்டருக்குத் தெரியும். முன்பு அவர் தெரு முனையில்தான் நின்றான். கிழங்கைப் பிளந்து வெண்ணெய் தடவி உப்புத் தூவித் தருவான். "நோயாளிச் சாப்பாடு, இவனுக்கு இடம் ஆஸ்பத்திரி வாசல்தான்" என்று மாஸ்டர் தினமும் சத்தம் போட்டுச் சிரித்ததில், வாங்க வந்தவர்கள் கூச்சப்பட்டு நின்றுவிட்டார்கள். ஒரு நாள் வண்டியைக் காணவில்லை. சொன்ன இடத்துக்கே வந்துவிட்டான். இங்கே அவனைச் சுற்றி நல்ல கூட்டம்.

மாஸ்டர் எட்டத்திலேயே நின்றுகொண்டார். மாப்பிள்ளை போய் வாங்கிச் சாப்பிட்டான். சுடச்சுட ஒன்று, பிறகு இன்னொன்று. விக்கல் நின்றது. மூன்றாவதை மாமனாருக்காகக் கேட்டான். கிழங்குக்காரன் மாஸ்டரை ஏற இறங்கப் பார்த்தான்.

"அவருக்கா? வீணாப்போகும் தம்பி" என்றான். ஆனாலும் பிளந்து வெண்ணெய் தடவிக் கொடுத்தான்.

மாஸ்டர் அதை வாங்கித் தின்றார். மெத்தென்று இருந்தது, சூடாக இருந்தது. பக்கத்தில் மாப்பிள்ளை விரலில் ஒட்டியிருந்ததையும் விடாமல் வழித்து, கண்ணை மூடி, "வெண்ணெய் நல்ல வெண்ணெய் மாமா. லேசாப் புளிப்பு இருக்கு, பாத்தீங்களா?" என்றான். மாஸ்டர் பார்த்தார். மாப்பிள்ளையின் முகத்தைத்தான் பார்க்க முடிந்தது. தாடி மீசை முளைத்த நாளிலிருந்து அவர் யார் மேலும் பொறாமைப்பட்டதில்லை. ஒரு பத்தியத்தின் மேல் படுவோம் என்று சொப்பனத்திலும் நினைத்ததில்லை.

வார்டில் மகள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. பக்கத்து ஸ்டூலில் மாஸ்டரின் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டீங்களா?" என்று மகள் புருஷனைக் கேட்டாள்.

"வயிறு நெறைய. உருளைக்கெழங்கு, சூடா."

"கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு?" கேட்டது அவனை, பார்த்தது அப்பாவை.

"வழில தூசி" என்றான் மாப்பிள்ளை.

அந்த ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிட்டது. பேத்தி நாளைக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். மாஸ்டர் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். ஆனால் ஒரு பத்தியம் போட்ட பிச்சையிலா பேத்தியைத் தூக்குவது? நல்ல மனசு கொண்டு வராத வார்த்தையை அவருக்கு வீம்பு கொண்டுவந்தது.

"தூசி இல்ல. நான்தான். ரெண்டு எடத்துல அவரு வாய வேகவச்சேன். கெழங்கு அவரே வாங்கிக்கிட்டாரு." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு நாக்குல ஒண்ணும் தெரியல. காரமா இல்லையான்னு கூட" என்றார்.

மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "நான் கொழம்புல உப்பு போட மறந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றாள். "சொன்னா ஒத்துக்கிற ஆளா நீங்க."

மாஸ்டர் மகளைப் பார்த்தார். அவள் திட்டினால் நன்றாக இருக்கும் போல இருந்தது. அவள் திட்டவில்லை. அவர் கட்டில் பக்கத்தில் வந்து இரண்டு கையையும் நீட்டினார். அவள் குழந்தையைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கையத் திருப்பிக் காட்டுங்க."

காட்டினார். விரல் இடுக்கில், நகக்கண்ணில், தாடிக்காரன் டப்பா பொடி சிவப்பாக அப்பியிருந்தது.

"சின்ன வயசுல நான் விழுந்து அழுதா நீங்கதான் ஓடிவந்து கண்ணத் தொடச்சு விடுவீங்க" என்றாள் மகள். "தொடச்சதும் அழுகை ஜாஸ்தியாகும். புள்ள செல்லம் கொஞ்சுதுன்னு சிரிப்பீங்க. எரியுதுப்பான்னு சொல்லத் தெரியல எனக்கு. சொல்லத் தெரிஞ்சப்போ உங்ககிட்ட வந்து அழறத விட்டுட்டேன்."

அவள் எப்போது தன்னிடம் வந்து அழுவதை விட்டாள் என்று கூட மாஸ்டருக்குத் தெரியாது. தைரியசாலிப் பெண், அப்பனைப் போல என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறார்.

மூலையில் கை கழுவும் தொட்டி இருந்தது. போய் சோப்புப் போட்டுக் கழுவினார். மறுபடி போட்டுத் தேய்த்தார். ஆள்காட்டி விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை தேய்த்துக் கழுவி, வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. காரம் போய்விட்டதா, இருந்தும் தெரியவில்லையா? வைத்துப் பார்த்துச் சொல்ல அவரிடம் வேறு நாக்கு கிடையாது. தொட்டிக்கு முன்னால் ஈரக் கையோடு வெகுநேரம் நின்றார்.

அப்புறம் மாப்பிள்ளையிடம் வந்தார். தலை நிமிரவில்லை.

"மாப்பிள்ள, தப்பா எடுத்துக்காதீங்க" என்று விரலை நீட்டினார். "கொஞ்சம் வாயில வச்சுப் பாத்துச் சொல்லுங்க. பிள்ளைக்கு எரியுமா?"

மாப்பிள்ளை மாமனாரின் விரலைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். அவன் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு குனிந்து, நாக்கு நுனியால் அந்த விரலைத் தொட்டான். யோசித்தான். வேலையில் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது அவன் முகம் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

"இன்னும் இருக்கு மாமா" என்றான். "நகத்துக்குக் கீழ."

"சரிங்க" என்றார் மாஸ்டர். இவனைப் பார்த்து அவர் இந்த வார்த்தையைச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"கழுவிட்டு வாங்கப்பா" என்றாள் மகள், குழந்தையை மடியில் நேராகப் போட்டுக்கொண்டு. "நாங்க இங்கதான் இருக்கோம்."

மாஸ்டர் திரும்பிப் போய்க் குழாயைத் திறந்தார்.